வியாதியை வென்ற வீரர்கள்

நான் கொரோனாவை ‘வென்ற’ கதையை எழுதித் தர வேண்டும் என்று ஒரு சிநேகிதர் கேட்டார். படிக்கிறவர்களுக்கு அது தைரியம் கொடுக்குமாம். மனோதிடம் இருந்தால் எந்த வியாதியையும் ஜெயித்துவிடலாம் என்பதற்கு நானே சாட்சியாம்!

அவருக்குச் சொன்ன பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன். அது அவருக்குப் பிடிக்கவில்லை. உங்களுக்கும் பிடிக்காமல் போகலாம்.

நான் எதையும் ஜெயிக்கவில்லை. எனக்கு வந்தது, போயிற்று. நான் ஜெயித்தவன் என்றால், 2021 மே மாதத்தில் செத்துப்போனவர்கள் எல்லாரும் தோற்றவர்கள் என்று ஆகிறது. ஆஸ்பத்திரி வாசலில் ஆம்புலன்சுக்குள்ளேயே காத்துக் கிடந்து மூச்சு அடங்கிய மனிதனுக்கு மனோதிடம் போதவில்லை என்றா சொல்கிறீர்கள்? அவனுக்குப் போதாமல் போனது படுக்கை. போதாமல் போனது பிராணவாயு. செத்தவனைக் கோழையாக்கித்தான் பிழைத்தவன் வீரனாக வேண்டுமென்றால், அந்தப் பட்டம் எனக்கு வேண்டாம்.

இனி என் கதை. நான் இருப்பது கும்மிடிப்பூண்டியில். இங்கே சிப்காட்டில் இரும்பை உருக்கிக் கம்பியாக இழுக்கும் ஆலைகளில் வேலை செய்கிறவர்களில் பீகார், ஒடிசாப் பையன்கள் ஏராளம். அவர்களை நம்பி எங்களில் பலர் வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்டு வாடகைக்கு விட்டிருக்கிறோம். நானும் விட்டிருந்தேன். இரண்டு அறை, எட்டுப் பேர், தலைக்கு இவ்வளவு என்று வாடகை. காலையில் பகல் ஷிப்டுக்காரன் எழுந்து போன பாயில், ராத்திரி ஷிப்டு முடித்து வந்தவன் படுப்பான். பாய்க்கு ஓய்வே கிடையாது.

வியாதி பரவ ஆரம்பித்ததும் தெருவில் ஒரே பேச்சு: “இந்த வடக்கத்திக்காரன்கள்தான் கொண்டுவருகிறார்கள்.” நானும் அதைச் சொன்னேன். சொன்னதோடு நிற்கவில்லை. முன்வாசல் குழாய்ப் பக்கம் அவர்கள் வரக்கூடாது என்று ஒரு கயிற்றையும் கட்டினேன்.

உண்மை என்ன? 2020 ஜனவரி 30-ஆம் தேதி இந்தியாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட நோயாளி, சீனாவில் வூஹான் நகரத்தில் படித்துவிட்டுக் கேரளம் திரும்பிய மாணவி. தமிழ்நாட்டில் மார்ச் 7-ஆம் தேதி கண்டறியப்பட்ட முதல் நோயாளி, ஓமானிலிருந்து வந்தவர். அவர்கள்மேல் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. ஆனால் இந்த வியாதி விமானத்தில் வந்தது; முன்பதிவில்லாத பெட்டியில் தொங்கிக்கொண்டு வரவில்லை. 1918-ல் கோடிக்கணக்கான உயிர்களைக் கொண்டுபோன இன்புளுயன்ஸாவும் பம்பாய்த் துறைமுகத்தில் கப்பலில்தான் வந்து இறங்கியது. பெரிய வியாதிகள் எப்போதும் டிக்கெட் வாங்கிக்கொண்டு கௌரவமாகத்தான் பிரயாணம் செய்கின்றன.

என் வீட்டுக்கு வந்ததும் அப்படித்தான். 2021 ஏப்ரல் கடைசியில் திருவள்ளூரில் ஒரு கல்யாணம். சாப்பிடுவதற்காக முகக்கவசத்தைக் கீழே இறக்கினேன், போட்டோவுக்காக இறக்கினேன், பிறகு ஏற்ற மறந்தேன். ஐந்தாம் நாள் ஜுரம். மறுநாள் காப்பியின் வாசனை தெரியவில்லை. கயிறு அவர்களைத்தான் தடுத்தது, என்னைத் தடுக்கவில்லை.

நான் மாடி அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். தனிக் குளியலறை உண்டு. மனைவி வாசற்படியில் கஞ்சியை வைத்துவிட்டுப் போவாள். ஒரு ராத்திரி விரலில் மாட்டிய கருவி 91 காட்டியது. டாக்டர் டெலிபோனில் சொன்னபடி குப்புறப் படுத்தேன். விடிவதற்குள் 94 ஆயிற்று. பதினேழு நாள் அந்த அறையில் கிடந்தேன். எழுத்தாளனுக்கு மாதச் சம்பளம் கிடையாது; ஆனால் வாடகை வந்தது. யார் கொடுத்த வாடகை என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

பிறகு மனைவிக்கும் ஜுரம். சொந்தக்காரர்கள் டெலிபோனிலேயே ஆறுதல் சொன்னார்கள். தண்ணீர் கேனைத் தூக்கிவந்து படியில் வைத்தவனும், மருந்துப் பையை அந்தக் கயிற்றிலேயே மாட்டிவிட்டுப் போனவனும் பின்கட்டுப் பையன்களில் ஒருவன். ஒரு வருஷமாக என் வீட்டில் குடியிருந்தான். அவன் பெயரை நான் கேட்டதில்லை.

அந்த வாரமே அவனுக்கும் ஜுரம். ஊரடங்கு வந்தும் தொடர் உற்பத்தி ஆலைகளுக்கு விலக்கு இருந்தது. ஒரு நாள் போகாவிட்டால் ஒரு நாள் கூலி போயிற்று. மாத்திரையைப் போட்டுக்கொண்டு இரண்டு நாள் உலைக்கு முன்னால் நின்றான். மூன்றாம் நாள் முடியவில்லை. “எங்கே ஐயா இவனைத் தனியாகப் படுக்கவைப்பது?” என்று காண்டிராக்டர் கேட்டார். “அது உங்கள் பாடு” என்றேன். ஊருக்கு ரயில் ஏற்றிவிட்டதாகப் பிற்பாடு சொன்னார். அவன் என்ன ஆனான் என்று எனக்குத் தெரியாது. கேட்கவேண்டும் என்று தோன்றியபோது காண்டிராக்டரே மாறியிருந்தார்.

என் மனோதிடத்துக்கும் அவன் மனோதிடத்துக்கும் என்ன வித்தியாசம்? எனக்குக் கதவு வைத்த ஓர் அறை இருந்தது. ‘வீட்டிலேயே இருங்கள், விலகி இருங்கள்’ என்ற உபதேசம், அறை உள்ளவனுக்குச் சொன்னது. எட்டுப் பேருக்கு நடுவே ஒருவன் யாரிடமிருந்து விலகுவான்?

சட்டம் இல்லையா என்பீர்கள். வெளிமாநிலத் தொழிலாளிக்குத் தகுந்த இருப்பிடமும் இலவச வைத்தியமும் காண்டிராக்டர் தரவேண்டும் என்று 1979-லேயே சட்டம் போட்டார்கள். 2021-ல் அது அமலில்தான் இருந்தது. நோயில் படுத்த தொழிலாளிக்குக் கூலியில் ஒரு பங்கு தரும் இ.எஸ்.ஐ. சட்டம் 1948-லேயே வந்தது. பேரேட்டில் பெயர் ஏறாதவனை எந்தச் சட்டம் தேடிக்கொண்டு வரும்? சர்க்காரையும் முதலாளியையும் மட்டும் திட்டிவிட்டு நான் நழுவப் போவதில்லை. அந்த எட்டுப் பேரை இரண்டு அறையில் அடைத்தவன் முதலாளி அல்ல. கதை எழுதுகிற நான். மாடியில் என் புத்தகங்களுக்கென்று இன்னோர் அறை அப்போதும் காலியாகத்தான் இருந்தது.

இப்போது பின்கட்டில் ஓர் அறைக்கு இரண்டு பேர். ஜுரம் வந்தவன் படுக்க மாடியில் அந்த அறை. வாடகை பாதியாயிற்று. இதைத் தர்மம் என்று யாரும் புகழ வேண்டாம். பழைய கடனில் வட்டி கட்டுகிறேன், அவ்வளவே.

ஆகவே சிநேகிதரே, வென்ற கதை என்னிடம் இல்லை. வாசகர்களுக்குத் தைரியம் வேண்டுமானால், தங்கள் வீட்டுப் பின்கட்டைப் போய்ப் பார்க்கும் தைரியம் முதலில் வரட்டும்.