உடைந்த உறுப்பு உரைக்கும் பாடம்

ஏப்ரல் வசந்த காலம் வந்துவிட்டால், நுவரெலியாவில் நடைபெறும் மகாகஸ்தோட்டை மலையேற்றக் கார்ப் பந்தயம் பற்றிய பேச்சு பொகவந்தலாவை வரை எட்டும். வளைவுகளில் சீறிப் பாயும் கார்களைக் கண்ட இளைஞர் சிலருக்கு, பழுதுற்றுக் கிடக்கும் விரைவுக் காரொன்றை வாங்கி, அதன் எஞ்சினை வீட்டிலேயே புதுப்பித்துவிட வேண்டுமென்ற ஆவல் பிறப்பதுண்டு. ஆவல் நல்லதே. ஆயினும், புதிய உறுப்புகளை வாங்குமுன் விடை காண வேண்டிய வினா ஒன்றுண்டு: எஞ்சின் எதனால் பழுதுற்றது?

நியூசிலாந்து நாட்டின் இன்வர்காகில் நகரில் பர்ட் மன்ரோ என்பார் வாழ்ந்தார். அவர் 1920-ஆம் ஆண்டு வாங்கிய ‘இந்தியன் ஸ்கவுட்’ மோட்டார் சைக்கிளின் எஞ்சினைத் தம் கொட்டகையிலேயே பல்லாண்டுகள் திருத்தி அமைத்தார். பிஸ்டன்களையும் தாமே வார்த்தார். சிதைந்த உறுப்புகளை அவர் வீசிவிடவில்லை. வேகத்தின் தெய்வத்துக்குக் காணிக்கை என்று எழுதிவைத்து, அலமாரித் தட்டில் அடுக்கினார். தொடக்கத்தில் மணிக்கு ஏறத்தாழ 90 கிலோமீற்றர் ஓடிய அவ்வண்டி, 1967-இல் அமெரிக்காவின் பொன்னவில் உப்புவெளியில் 295 கிலோமீற்றரைக் கடந்து சாதனை படைத்தது. அப்போது அவருக்கு வயது 68.

உடைந்த உறுப்பு காணிக்கை மட்டுமன்று, சாட்சியுமாகும். ஹெட் வளைந்திருந்தால், எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடேறியிருக்கலாம். பிஸ்டன் தலையில் துளை விழுந்திருந்தால், எரிபொருள் முறைதவறி எரிந்திருக்கலாம். பேரிங் தேய்ந்து செம்பு நிறம் காட்டினால், எண்ணெய் போதவில்லையோ என்று ஐயுற வேண்டும்.

காரணம் அறியாது புதிய பேரிங்கைப் பொருத்துவது வீண் செலவு. பழைய பேரிங்கின் உலோகத் துகள்கள் எண்ணெய் ஓடும் நுண்வழிகளில் தங்கியிருக்கும். அவற்றை முற்றாகக் கழுவி அகற்றாவிடின் புதியதையும் அரித்துவிடும். பேரிங்குக்கும் கிராங்க் தண்டுக்கும் இடையே எண்ணெய் நிற்கும் இடைவெளி பெரும்பாலும் 0.02 முதல் 0.05 மில்லிமீற்றர் வரையே. அதனை அளக்கக் கண்மதிப்பு உதவாது, மைக்ரோமீற்றர் வேண்டும். சிலிண்டரைக் கடைவதும் கிராங்க் தண்டைத் தீட்டுவதும் லேத் பட்டறையின் வேலை. கழுவுதல், ஒவ்வோர் உறுப்புக்கும் அடையாளமிடுதல், தயாரிப்பாளர் நூலிற் கண்ட வரிசைப்படியும் அளவுப்படியும் போல்ட்டுகளை இறுக்குதல் ஆகியன வீட்டிலே செய்யத்தக்கவை.

மற்றோர் எச்சரிக்கையும் கூறுவேன். கார் எஞ்சின்கள் பல 100 கிலோவுக்கு மேற்பட்ட பாரமுடையவை. லயத்தின் கூரைச் சட்டத்தில் சங்கிலி கட்டி அவற்றைத் தூக்க முயல்வது பேராபத்து.

அரைகுறை வேலையால் இழப்பது பணம் மட்டுமன்று. நோர்வூட் வீதியின் வளைவொன்றில் எஞ்சின் இறுகி நின்றால், அதனோடு சக்கரங்களும் பூட்டிக்கொள்ளக்கூடும். ஆதலின், புதிய உறுப்புக்குப் பணம் எண்ணுமுன், பழைய உறுப்பை மேசைமீது வைத்து ஒரு பொழுது பொறுமையாக நோக்குங்கள்.