மீன் வறுவலுக்கு நம் சாமை மாவு போதாதா?

கொல்லிமலைச் சாமை, தினை, கேழ்வரகில் மதிப்புக்கூட்டல் என்றாலே சத்துமாவு, பிஸ்கட், முறுக்கு என்று நின்றுவிடுகிறோம். மீன் வறுவல் மசாலாவை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. அறுத்த மீன் உயிர்பெற்றதாகத் தலக்கதை சொல்லும் அறப்பளீஸ்வரர் மலையில் மீன் மசாலாவா என்று சிலர் சிரிக்கலாம். சந்தை மலைக்கு மேலே இல்லை; மேட்டூர் அணைக்கட்டு வறுவல் கடைகளில் இருக்கிறது.

கடைகளில் மீனுக்குப் பெரும்பாலும் பூசுவது மைதா அல்லது கார்ன்ஃப்ளவர், கூடவே சிவப்புச் சாயம். மீன் கெபாப்பில் செயற்கை நிறத்தைக் கர்நாடக அரசு 2024-ல் தடை செய்தது. மேல்பூச்சு ருசிக்கு மட்டுமானதல்ல. மீன் சதையிலுள்ள கிரியேட்டினும் அமினோ அமிலங்களும் சுமார் 150 டிகிரிக்கு மேல் சூடேறும்போது ஹெட்டிரோசைக்ளிக் அமீன்கள் உருவாகின்றன. இவற்றில் சிலவற்றைப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியவை என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1993-லேயே வகைப்படுத்தியது. மாவு பூசிய மீனில் ஈரம் உள்ளேயே தங்குகிறது. ஈரம் இருக்கும்வரை சதையின் சூடு 100 டிகிரியை ஒட்டியே நிற்கும். மிளகும் மஞ்சளும் சேர்த்தால் இந்த அமீன்கள் குறைவதை இறைச்சியில் நடந்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. காப்பித் தோட்டத்து சில்வர் ஓக் மரத்தில் மிளகுக்கொடி ஏற்றியிருப்பவர்களுக்கு இது நல்ல செய்திதான்.

ஆனால் மாவிலும் ஒரு சிக்கல் உண்டு. தானிய மாவில் உள்ள அஸ்பரஜினும் சர்க்கரையும் சேர்ந்து கருகும்போது அக்ரிலமைடு உண்டாகிறது. சிறுதானியம் என்பதால் இதற்கு விலக்கு கிடையாது. ஆகவே சர்க்கரை சேர்க்காமல், நைசாக அரைத்த சாமை மாவில் மிளகு, மஞ்சள், பூண்டு, உப்பு சேர்த்து மெல்லிசாகப் பூசி, அரைமணி நேரம் ஊறவைத்து, பொன்னிறத்தில் எடுத்துவிட வேண்டும். காய்ந்து கறுத்த எண்ணெயில் பொரித்தால் எந்தப் பூச்சும் காப்பாற்றாது. எண்ணெயில் போலார் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற உணவுப் பாதுகாப்பு ஆணைய விதி 2018 ஜூலை முதல் அமலில் இருக்கிறது. கடைக்காரர்களில் எத்தனை பேருக்கு அது போய்ச் சேர்ந்தது?

சாமை குத்தும் இயந்திரமும் அரவை இயந்திரமும் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் முயற்சியால் மலைக் கிராமங்களுக்கு வந்து பல ஆண்டுகள் ஆகின்றன. மகளிர் குழுக்களுக்கு அனுபவமும் இருக்கிறது. பாக்கெட்டில் மட்டும் 'புற்றுநோயைத் தடுக்கும்' என்று அச்சடித்துவிடாதீர்கள். அது பொய், சட்டப்படியும் மாட்டிக்கொள்வீர்கள். 'சாயம் இல்லை, மைதா இல்லை' என்று போட்டாலே விற்கும். விரிவாக்க அலுவலர்கள் அடுத்த பயிற்சியை இன்னொரு பிஸ்கட் பயிற்சியாக நடத்தாமல், மேட்டூர் கடைக்காரர்கள் நான்கு பேரையும் கூப்பிட்டு, அடுப்பு மூட்டி இதைச் செய்துகாட்டட்டும்.