காணாமற் போனவை

சென்ற வாரம் ஒரு நாள் காலை முதல் என் மூக்குக் கண்ணாடியைக் காணவில்லை. மேஜை மேல் இல்லை. தலையணை அடியில் இல்லை. சட்டைப் பையில் மூன்று தடவை பார்த்தாகிவிட்டது. கடைசியில் அது அரிசிப் பானைக்குள் அகப்பட்டது. முதல் நாள் மாலை, அரிசியில் கல் பொறுக்கித் தருகிறேன் என்று வீட்டாருக்கு நான் வலியச் சென்று செய்த உபகாரத்தின் பலன் அது. "இனிமேல் இந்த மாதிரி ஒத்தாசை வேண்டாம்" என்று வீட்டில் உத்தரவாகிவிட்டது.

காணாமற் போகிற வஸ்துக்களுக்குக் கால் முளைப்பதில்லை. கை ஒரு காரியத்தைச் செய்யும்போது மனம் வேறிடத்தில் சஞ்சரித்தால், கை செய்தது மனத்தின் கணக்கில் பதிவாவதே இல்லை. பதியாத கணக்கைப் பிற்பாடு எப்படிப் புரட்டிப் பார்ப்பது? ஆகவே பொருள் இருக்க வேண்டிய இடத்தையே திரும்பத் திரும்பத் தேடுகிறோம். அதுவோ இருக்கக் கூடாத இடத்தில் சௌக்கியமாக உட்கார்ந்திருக்கிறது. நம்முடைய பாட்டிமார்கள் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். புதுக்கோட்டைச் சீமையில், அம்மன் உருவம் பொறித்த மிகச் சிறிய செப்புக் காசு ஒன்று 1948-ல் அந்தச் சமஸ்தானம் இந்தியாவுடன் இணையும் வரையில் வழங்கிவந்தது. அந்தக் காசினால் பெயர் பெற்ற அரைக்காசு அம்மனுக்கு வெல்லம் வைத்து வேண்டிக்கொண்டால் தொலைந்தது கிடைக்கும் என்பது நம்பிக்கை.

மோகனூரில் என் அம்மாயியும் அப்படித்தான் வேண்டிக்கொண்டாள். நாமக்கல் கவிஞர் இராமலிங்கம் பிள்ளை 1888-ம் வருஷம் பிறந்த மோகனூர்தான். காவேரியின் வடகரையில் இருக்கிறது. ஐம்பது வருஷங்களுக்கு முன் நான் அங்கே கோடை விடுமுறைக்குப் போயிருந்த சமயம், அம்மாயியின் ஒரு பவுன் மோதிரம் காணாமற் போயிற்று. வீடு முழுவதும் தேடினோம். படித்துறை மணலைச் சல்லடை போட்டுச் சலித்தோம். கிடைக்கவில்லை.

அந்த வீட்டில் பாத்திரம் துலக்க ஒரு அம்மாள் வந்துகொண்டிருந்தாள். "நீ எடுத்தாய்" என்று அவளை ஒருவரும் சொல்லவில்லை, இது சத்தியம். ஆனால் மறுநாள் முதல், அவள் கூடத்தைப் பெருக்கும்போது வீட்டில் யாராவது ஒருவருக்குக் கூடத்தில் ஏதோ வேலை இருந்தது. அடுக்களை அலமாரிக்குப் பூட்டு வந்தது. நான்காம் நாள் அவள் விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டுப் போனாள். பிறகு வரவில்லை. ஆற்றுக்கு அக்கரையில் வாங்கல் பக்கம் மகள் வீட்டுக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். "பார்த்தாயா, குற்றமுள்ள நெஞ்சு!" என்று எங்கள் மாமா வெற்றிலையைக் குதப்பிக்கொண்டே தீர்ப்புச் சொன்னார்.

இந்த மாதிரித் தீர்ப்பு தமிழ்நாட்டுக்குப் புதிதல்லவே! மதுரையில் பாண்டிமாதேவியின் சிலம்பு காணாமற் போயிற்று. தேடிய சிலம்பைப் போன்ற ஒன்று ஊருக்குப் புதியவன் கையில் இருந்தது. அது போதுமானதாயிற்று. உள்ளே இருந்த பரல் முத்தா, மாணிக்கமா என்று உடைத்துப் பார்க்க ஒரு கணம் பிடித்திருக்கும். உடைத்தார்கள், வாஸ்தவம், கோவலன் தலை விழுந்த பிற்பாடு உடைத்தார்கள்.

தேடுகிறவர்கள் எல்லாரும் செத்துப்போன பிறகு கிடைக்கும் சாமான்களும் உண்டு. எங்கள் ஊருக்குத் தெற்கே ஆற்றைத் தாண்டினால் கரூர். அங்கே ஓடும் அமராவதிக்குப் பழைய பெயர் ஆன்பொருநை. அதன் மணலைப் பொன் துகளுக்காக அலசிப் பிழைத்தவர்களின் தட்டில், எவனோ ஒரு வர்த்தகன் பதினைந்து நூற்றாண்டுகளுக்கு முன் நழுவவிட்ட ரோமாபுரிச் செப்புக் காசுகள் ஆயிரக்கணக்கில் வந்தன. மோதிரங்கள் வந்தன. சேர மன்னன் முகத்தைப் பக்கவாட்டில் காட்டி, தலைக்கு மேல் 'மாக்கோதை' என்று பழந்தமிழ் எழுத்துப் பொறித்த வெள்ளி நாணயமும் வந்தது. 'கொல்லிப்பொறை' என்று எழுதிய காசு ஒன்றும் உண்டு. கொல்லிமலை எங்கள் நாமக்கல் பக்கத்து மலை! அதன் பெயர் தாங்கிய அரசன் கரூர் ஆற்று மணலில் அகப்பட்டான் என்பதில் எனக்குக் கொஞ்சம் ஊர்ப் பெருமை. நேயர்கள் மன்னிக்க வேண்டும். தமிழ் வேந்தர்கள் சொந்தமாய் நாணயம் அடித்ததுண்டா என்று சந்தேகப்பட்ட ஆராய்ச்சிக்காரர்களுக்கு இந்தக் காசுகள் பதில் சொல்லிவிட்டன. ஒரு குறை: மண்ணைப் பக்குவமாக அடுக்கடுக்காகத் தோண்டி எடுத்திருந்தால், காசோடு காலமும் கிடைத்திருக்கும். ஆற்று மணலில் அள்ளியதால் காசு மட்டுமே கிடைத்தது.

காசு போனால் போகிறது. ஓர் இலக்கியமே காணாமற் போயிருந்ததே, அதை என்ன சொல்ல? 1880-ம் வருஷம் கும்பகோணம் காலேஜில் தமிழாசிரியராயிருந்த சாமிநாதையர், ஊருக்குப் புதிதாக மாற்றலாகி வந்த ஒரு முன்சீபைப் பார்க்கப் போனார். தாம் படித்த அந்தாதிகளையும் பிள்ளைத்தமிழ்களையும் கோவைகளையும் வரிசையாக ஒப்புவித்தார். முன்சீப் அசையவில்லை. "சிந்தாமணி படித்ததுண்டா?" என்று கேட்டார். ஐயர் படித்ததில்லை. பிறகு அதன் பிரதியும் அந்த முன்சீபிடமிருந்தே வந்தது. 1887-ல் சீவக சிந்தாமணி அச்சாயிற்று. அதைத் தொடர்ந்து பத்துப்பாட்டும் சிலப்பதிகாரமும் புறநானூறும் வெளிவந்தன. பண்டிதர் கூட்டத்தில் கிடைக்காத வழி ஒரு நியாயாதிபதியின் கூடத்தில் கிடைத்தது. அவர் சேலம் இராமசுவாமி முதலியார். பார்த்தீர்களா, மறுபடியும் எங்கள் சேலம் ஜில்லாதான்!

கனடா தேசத்தில் ஒரு மூதாட்டி 2004-ம் வருஷம் தோட்டத்தில் களை பிடுங்கும்போது மோதிரத்தைத் தவறவிட்டாளாம். 2017-ல் அவள் மருமகள் அதே தோட்டத்தில் காரட் கிழங்கைப் பிடுங்க, கிழங்கின் இடுப்பில் மோதிரம் மாட்டியிருந்ததாம். பத்திரிகையில் படத்துடன் வந்தது. அதைப் பார்த்ததும்தான் எனக்கு அம்மாயியின் மோதிரம் ஞாபகம் வந்து, இவ்வளவும் எழுத நேர்ந்தது. அந்தக் கதையை நடுவில் விட்டுவிட்டேன் அல்லவா?

ஐப்பசியில், தீபாவளிக்கு முன் வாரம், அம்மாயி புதுப் புளிப் பானையைத் திறந்து ஓர் உருண்டை எடுத்துக் கரைத்தாள். விரலில் ஏதோ கெட்டியாக இடறியது. கொட்டை என்று எறியப் போனவள் நிதானித்துப் பார்த்தாள்: மோதிரம்! புளியில் ஊறி, அன்று வார்த்தது போல் பளபளத்தது. பங்குனியில் விளக்கெண்ணெய் தடவிய கையால் புளி தட்டிக் கொட்டை எடுத்து, உப்புச் சேர்த்துப் பானையில் அடைத்தவள் அவளேதான். எண்ணெய் விரலிலிருந்து அது நழுவியதை அவள் அறியவில்லை.

வீட்டில் எல்லாரும் சிரித்தார்கள். மாமா, "அரைக்காசு அம்மனுக்கு வெல்லம் வாங்கச் சொல்" என்றார். அம்மாயி சிரிக்கவில்லை. இப்போது மோகனூருக்கும் வாங்கலுக்கும் நடுவே பாலம் வந்துவிட்டது, அந்நாளில் பரிசல்தான். தண்ணீர் நிறையப் போய்க்கொண்டிருந்தது. வேண்டாம் என்று தடுத்தும் கேளாமல் மறுநாளே புறப்பட்டாள். என்னையும் கூட அழைத்துப் போனதாக நான் பல நாள் பொய் சொல்லியிருக்கிறேன். நான் அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்தேன். அவள் சொல்லிக் கேட்டதுதான்.

அந்த அம்மாள் திண்ணையில் பாய் விரித்து அம்மாயியை உட்கார வைத்து மோர் கொடுத்தாளாம். மோதிரம் புளிப் பானையில் இருந்ததென்று அம்மாயி சொன்னாள். "கெடைச்சுதுங்களா? நல்லதுங்க" என்றாள் அவள். வேறொன்றும் சொல்லவில்லை. திரும்ப வேலைக்கு வரும்படி அம்மாயி கேட்டாள். "இங்கெயே தோதாப் போச்சுங்க" என்று பதில் வந்தது.

அம்மாயி இருந்த வரையில் ஒவ்வொரு வருஷமும் பங்குனிக் கடைசியில் ஒரு பானைப் புதுப் புளியைப் பரிசல்காரனிடம் கொடுத்து அக்கரைக்கு அனுப்புவாள். சில நாள் கழித்துப் பானை திரும்பி வரும், பளிச்சென்று துலக்கி.