தளைநார் தாங்காது

பதநீர்ப் பருவத்தில் உடன்குடி, சாத்தான்குளம், இராதாபுரம் பக்கத்து விளைகளில் விடியும் முன்பே பனையேறிகள் மரத்தில் இருப்பார்கள். இடுப்பில் அரிவாள் பெட்டியும் கலயமும். அடிமரத்தில் மிதித்தேறச் சாய்த்து வைத்த முருக்குத்தடி. பாதங்களைப் பிணைக்கத் தளைநார். மட்டை நாரைத் திரித்து முடிந்த அந்த வளையம், கால் விலகாமல் மரத்தைக் கவ்வ உதவும். கை நழுவினால் அது ஆளைத் தாங்காது. இத்தனை முடிச்சுகள் தெரிந்த தொழிலில், விழுகிறவரைப் பிடிக்க ஒரு முடிச்சு இல்லை.

பனையேறியைப் பற்றித் தலித் பக்கத்தில் என்ன பேச்சு என்று சிலர் கேட்கலாம். மரமேறுவதைச் சுட்டியே சாணார்கள் கோயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டார்கள். கமுதி கோயில் வழக்கில் 1908-இல் லண்டன் பிரிவி கவுன்சிலும் அந்தத் தடையை உறுதிசெய்தது. பின்னர் அச்சமூகம் கல்வியாலும் வணிகத்தாலும் எழுந்து நின்றது. மரத்தில் இருந்த ஏழையோ மரத்திலேயே இருந்தார். இன்று தாமிரபரணிக் கரைத் தென்னந்தோப்புகளில் மரக்கணக்குக் கூலிக்கு ஏறுகிறவர்களில் தலித் இளைஞர்களும் உண்டு. சாதி மாறினாலும் உயரம் அதே உயரம்தான்.

'பெல்ட் கொடுத்தாலும் இவர்கள் போடமாட்டார்கள்' என்பது தோப்புக்காரர்களின் வழக்கமான பேச்சு. கணக்குப் போட்டுப் பாருங்கள். நாற்பது பனைக்கு, மரத்துக்கு மூன்று நிமிடம் கூடினால் ஒரு வேளைக்கு இரண்டு மணி நேரம். வெயில் ஏறினால் பதநீர் புளிக்கும். கேரளத்துச் செம்பேரியில் உருவான ஏறுகருவியையும் ஒவ்வொரு மரத்திலும் மாட்டிக் கழற்ற வேண்டும். அந்த நேரத்துக்கு யாரும் கூலி தருவதில்லை. இதைப் பனையேறியின் அலட்சியம் என்பது அநியாயம்.

கயிற்றிலும் சூட்சுமம் இருக்கிறது. பனைக்கும் தென்னைக்கும் கிளை கிடையாது. மேலே கயிறு போட்டுத் தொங்க முடியாது. மரத்தைச் சுற்றி வெறும் வளையம் போட்டால், விழும்போது அதுவும் ஆளோடு வழுக்கி இறங்கும். பளு விழுந்ததும் மரத்தை இறுக்கும் சுருக்கு வேண்டும். மின்கம்பம் ஏறுவோருக்கென அத்தகைய வார்கள் விற்கின்றன. கயிற்றின் நீளத்தைக் கூட்டிக் குறைக்க, 1931-இல் ஆஸ்திரிய மலையேறி கார்ல் புருசிக் எழுதி வெளியிட்ட முடிச்சு உதவும். பளு இல்லாதபோது கையால் நகரும். பளு விழுந்தால் கவ்வும். நார் திரிக்கத் தெரிந்த கைக்கு அதைக் கற்க அரை மணி நேரம் போதும்.

1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் பனை சீவும் வேலை பெயர் சொல்லியே இடம்பெற்றது. 2000-ஆம் ஆண்டுத் திருத்தம் தற்காலிகக் கூலிகளுக்கு இருந்த விலக்கையும் நீக்கியது. ஆனால் மரத்தைப் பாட்டத்துக்கு எடுத்து ஏறுகிறவருக்கு முதலாளி யார்? அங்கேதான் வழக்கு விழுகிறது. சாக்கடைக் குழியில் இறங்கி இறந்தவரின் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் தர வேண்டுமென 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அச்சாவுகள் வெறும் விபத்தல்ல என்று நிலைநாட்டப் பல ஆண்டுப் போராட்டம் தேவைப்பட்டது. மரத்திலிருந்து விழுவது இன்னும் 'தவறி விழுந்து பலி' என்ற ஒரு பத்திச் செய்திதான்.

பனைமரத் தொழிலாளர் நலவாரியம் 2006 முதல் இருக்கிறது. விழுந்த பிறகு தரும் உதவித்தொகையோடு நில்லாமல், பதிவு அட்டை தரும்போதே இடுப்புவாரும் சுருக்குக் கயிறும் பயிற்சியும் தரட்டும். கூடுகிற இரண்டு மணி நேரத்தின் கூலியைத் தோப்புக்காரரும் கருப்பட்டி வியாபாரியும் ஏற்க வேண்டும். உடன்குடிக் கருப்பட்டிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெயரில் விற்கும் ஒவ்வொரு கிலோவிலும் இதற்கென்று சில ரூபாய் ஒதுக்கலாம். அடுத்த பருவத்துக்கு முன்பே நெல்லை, தூத்துக்குடி ஆட்சியர்கள் முத்தரப்புக் கூட்டம் கூட்டி அந்தத் தொகையை முடிவு செய்ய வேண்டும்.