கேமரா ஆஃப்... ஆள் ஆன்!

போன செமஸ்டர்ல எங்க மினி புராஜெக்ட் மீட்டிங் எல்லாமே ஆன்லைன்லதான். மயிலாப்பூர்ல நான், அடையார்ல ரெண்டு பசங்க, தி.நகர்ல ஒருத்தி. எல்லார் முகமும் ஸ்கிரீன்ல தெரியும், தி.நகர் கட்டம் மட்டும் எப்பவும் கறுப்பு. கேள்வி கேட்டா, லேட்டா ஒரு ‘ம்’ வரும். ‘இவளுக்கு இன்ட்ரஸ்ட்டே இல்லப்பா’ன்னு நாங்க மூணு பேரும் முடிவு கட்டி, அவளோட கோடிங் பார்ட்டை நானே எடுத்துக்கிட்டேன்.

மயிலாப்பூர்ல கோயில் கொண்டிருக்கிற நம்ம வள்ளுவர், ‘குறிப்பறிதல்’னு ஒரே தலைப்புல ரெண்டு அதிகாரம் எழுதியிருக்கார். 110-வது, காதலர்களுக்கு. (அது உங்களுக்கு யாரும் சொல்லித் தர வேணாம்!) 71-வது, அமைச்சர்களுக்கு. அதாவது, ஆபீஸ் மேட்டர்! சொல்லாமலே முகம் பார்த்துப் புரிஞ்சுக்கறவங்களை அதுல ஏகத்துக்கும் பாராட்டறார். ஆனா, அவர் காலத்துல முழு ஆளும் எதிர்ல நின்னாங்க. நமக்குக் கிடைக்கிறது கழுத்துக்கு மேலதான். அதுவும் நெட் இருந்தா!

2009-ல 10 மொழிகளை வெச்சு ஓர் ஆய்வு நடந்துச்சு. நேர்ல பேசறப்போ ஒரு கேள்விக்குப் பதில் வர சராசரியா 0.2 விநாடிதான் ஆகுதாம். அந்த வேகத்துக்குப் பழகின காது, நெட் ஒரு விநாடி இழுத்தாலே ‘ஆள் மழுப்புறாரு’ன்னு நினைச்சுக்குது. கண்ணைப் பார்த்துப் பேசலாம்னா, அதுவும் முடியாது. முகத்தைப் பார்த்தா கேமராவைப் பார்க்க முடியாது, கேமராவைப் பார்த்தா முகம் தெரியாது.

ஒருநாள் பாண்டி பஜார் போனவ, அப்படியே அவ வீட்டுக்கும் போனேன். ஒரே ரூம். நைட் ஷிஃப்ட் முடிச்ச அப்பா தூங்கிட்டிருந்தார். மாடிப்படியில மொபைலோட உட்கார்ந்திருந்தா அவ. டேட்டா காலியாயிடும்னு கேமரா ஆஃப், அப்பா முழிச்சுப்பார்னு மியூட். மடியில ஒரு நோட்டு. எல்லா மீட்டிங்கும் தேதி போட்டு எழுதி வெச்சிருக்கா! ‘ஏன்டி என் பார்ட்டை எடுத்தே?’ன்னு அவ கேட்கவே இல்லை. அந்த முகத்தைப் படிக்க எனக்கு எந்த அதிகாரமும் தேவைப்படலை.

இப்போ எங்க டீம்ல ஒரே ரூல்தான். கறுப்புக் கட்டத்தைப் பார்த்துக் கதை கட்டக்கூடாது. மீட்டிங் முடிஞ்சதும் தனியா ஒரு போன்: ‘என்னாச்சு, ஓகேவா?’

கோடிங் பார்ட்டை அன்னிக்கே அவகிட்ட திருப்பிக் கொடுத்துட்டேன். நான் பண்ணி வெச்சிருந்த சொதப்பல்களையும் அவதான் சரி பண்ணா!