ஊருணியில் கால் கழுவலாமா?

பொங்கலுக்கு வந்திருந்த பேரனைக் கூட்டிக்கொண்டு செட்டிநாடு பழைய ஓடுதளம் வரை போய் வந்தேன். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் போட்டது. என்றாவது ஒருநாள் இங்கே விமானம் வரும் என்ற பேச்சு அவ்வப்போது எழும், அடங்கும்.

பேரன் அமெரிக்காவில் விமானம் ஓட்டப் படிக்கிறான். பேச்சுவாக்கில், "ஐயா, அங்கே அவசர அலைவரிசையில் சில பைலட்டுகள் பூனை மாதிரி மியாவ் என்று கத்துவார்கள். ஒரே சிரிப்பு" என்றான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. விமான நிலைய ரேடியோ அறையில் முப்பது வருடம் காதில் ஹெட்போனோடு உட்கார்ந்துவிட்டு வந்தவன் நான்.

121.5 மெகாஹெர்ட்ஸ் என்பது உலகம் முழுக்க விமானங்களுக்கான அவசர அலைவரிசை. கடலில் இதே வேலையைச் சேனல் 16 செய்கிறது. பெரிய விமானங்கள் ஒரு ரேடியோவை 121.5இல் வைத்துக்கொண்டே பறப்பது வழக்கம். இந்த அலைகள் நேர்கோட்டில் போகிறவை. தாழப் பறக்கும் சின்ன விமானத்தின் குரல் தரையில் எங்களுக்கு எட்டாவிட்டாலும், முப்பதாயிரம் அடி உயரத்தில் போகிறவருக்கு எட்டும்.

1980களில் ஒரு மத்தியானம். இரண்டு பைலட்டுகள் இதே அலைவரிசையில் ஹோட்டல் அறை பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். நடுநடுவே ஒரு கீச்சொலி. ஒரே நேரத்தில் இருவர் பேசினால் விமான ரேடியோவில் அப்படித்தான் கேட்கும். அடியில் மூன்றாவது குரல் ஒன்று இருக்கிறது என்று புரிய எனக்குச் சில நிமிடம் ஆயிற்று. தனியாகப் பறந்த பயிற்சி மாணவன், வழி தவறிவிட்டான். மேலே போன ஒரு பயணிகள் விமானம் அவன் சொன்னதை எங்களுக்குத் திருப்பிச் சொல்லி, ஒருவழியாகக் கொண்டு இறக்கினோம். டேங்கில் சொற்ப எரிபொருள்தான் மிச்சம்.

பிறகு அந்தப் பையன் சொன்னதுதான் இன்னும் மனதில் நிற்கிறது. வழி தவறியது தெரிந்தும் கால் மணி நேரம் கூப்பிடாமலே இருந்திருக்கிறான். வாத்தியார் திட்டுவாரே என்ற பயம்!

ஆக, தப்பு இரண்டு. வேண்டாதபோது பேசுவது ஒன்று, வேண்டியபோது பேசாதது இன்னொன்று. இரண்டாவதுதான் அதிக உயிர்களைக் குடிக்கும் என்பது என் கட்சி. 1990 ஜனவரி 25 அன்று நியூயார்க் அருகே அவியான்கா விமானம் விழுந்ததே, நினைவிருக்கிறதா? ஒரு மணி நேரத்துக்கு மேல் வானத்தில் சுற்றவிட்டார்கள். எரிபொருள் தீர்கிறது என்று சொன்ன விமானிகள், 'எமர்ஜென்சி' என்ற ஒரு சொல்லைச் சொல்லவில்லை. 73 பேர் இறந்தார்கள்.

முதல் தப்புக்கும் விலை உண்டு. விழுந்த விமானத்தின் கருவி 121.5இல் எழுப்பும் ஒலியை ஒரு காலத்தில் செயற்கைக்கோள்களும் கேட்டன. வந்ததில் பெரும்பாலானவை வீண் அலாரம். அதுவும் ஒரு காரணமாக, 2009 பிப்ரவரி 1 முதல் செயற்கைக்கோள்கள் அதைக் கேட்பதை நிறுத்தி, 406 மெகாஹெர்ட்ஸை மட்டும் கேட்கின்றன. இன்று 121.5க்கு மனிதக் காது மட்டுமே காவல். மியாவ் சத்தம் தாங்காமல் ஒருவர் வால்யூமைக் குறைத்தால், அந்தக் காவலும் போச்சு.

நீண்ட பயணத்தில் அலுப்பு, கொஞ்சம் விளையாட்டு, அதில் என்ன என்பார்கள். நம் ஊரில் குடிநீர் ஊருணியில் யாராவது கால் நனைத்தால் பெரியவர்கள் விடுவார்களா? ஒருவன் கால் கழுவினால் தண்ணீர் கெட்டுவிடாதுதான். ஆனால் அவனை விட்டால் நாளை ஊரே இறங்கும்.

பேரனிடம் சொன்னேன்: "கேட்டுக்கொண்டே இரு, வாயைத் திறக்காதே. யாராவது தெரியாமல் பேசிவிட்டால் அதே அலைவரிசையில் அவரைத் திட்டாதே, அதுவும் இரைச்சல்தான். உனக்கு ஆபத்து என்றால் யோசிக்காதே. 'மேடே' என்று மூன்று முறை சொல். நீ யார், எங்கே இருக்கிறாய், என்ன கோளாறு, எத்தனை பேர் என்று சொல். அவ்வளவு ஆபத்து இல்லை, ஆனாலும் உதவி வேண்டும் என்றால் 'பான்-பான்' மூன்று முறை. திட்டு வாங்குவதைத் தரையில் இறங்கிய பிறகு பார்த்துக்கொள்ளலாம்."

"திட்டினால் என்ன ஐயா, நீங்கள் திட்டாததா?" என்றான். சிரித்தோம். உங்கள் வீட்டுப் பிள்ளைகள் யாரும் விமானத்திலோ கப்பலிலோ வேலை பார்த்தால், இதைச் சொல்லி வையுங்கள்.