மாத்திரையோடு பரிசோதனையும் தேடி வரட்டும்

வளைகுடா வேலைக்கு விசா கைக்கு வந்து, அதற்கான மருத்துவப் பரிசோதனையான ‘மெடிக்கலுக்கு’ப் போன இடத்தில் ‘அன்ஃபிட்’ என்று திருப்பி அனுப்பப்படும் இளைஞர்கள் இராமநாதபுரம் மாவட்டத்துக்குப் புதியவர்கள் அல்லர். ரத்தத்தில் ஹெபடைடிஸ் பி கிருமி இருப்பது அவர்களில் பலருக்கு அன்றுதான் தெரியவருகிறது. உடம்பில் வலி இல்லை, கண்ணில் மஞ்சள் இல்லை; ஆனால் வேலை போய்விட்டது. அடுத்த மெடிக்கலுக்குள் இதை ‘நெகட்டிவ்’ ஆக்கித் தருவது யார் என்ற தேடலில் குடும்பமே இறங்குகிறது. ஆபத்து அந்த அவசரத்தில்தான் தொடங்குகிறது.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 2022-இல் இந்தியாவில் இந்தக் கிருமியோடு வாழ்ந்தவர்கள் ஏறத்தாழ 2 கோடியே 98 லட்சம் பேர். இவர்கள் எல்லோருக்கும் மருந்து தேவைப்படாது. கிருமியின் அளவு, கல்லீரலின் நிலை இரண்டையும் பார்த்து மருத்துவர்தான் அதை முடிவு செய்ய வேண்டும். தேவைப்படுவோருக்கு, 2018 ஜூலை 28-இல் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டம் டெனோஃபோவிர், என்டகாவிர் மாத்திரைகளை இலவசமாகத் தருகிறது. இவை கிருமியை அடக்கி, கல்லீரல் சுருக்கத்தையும் புற்றுநோயையும் பெருமளவு தடுக்கின்றன. ஆனால் கிருமியை அடியோடு அழிப்பது அரிது. எனவே பல ஆண்டுகள், சிலருக்கு ஆயுள் முழுவதும், மாத்திரை தொடர வேண்டியிருக்கும்.

பல ஆண்டுகள் உண்ணும் மருந்துக்குப் பல ஆண்டுக் கண்காணிப்பும் வேண்டும். டெனோஃபோவிர் சிறுநீரகம் வழியாக வெளியேறும் மருந்து. பெரும்பாலோருக்கு இது தொல்லை தருவதில்லை. சிலருக்குச் சிறுநீரகத்தின் வேலைத்திறனைக் குறைக்கிறது, எலும்பின் வலுவையும் குறைக்கிறது. இந்தப் பாதிப்பு ஓசையில்லாமல் வளரும். கால் வீங்கி, மூச்சு வாங்கும்வரை காத்திருந்தால் காலம் கடந்துவிடும். ரத்தத்தில் கிரியாட்டினின் அளவு, சிறுநீரில் புரதம் ஆகிய எளிய சோதனைகள் முன்கூட்டியே காட்டிக்கொடுத்துவிடும். அப்போது மருத்துவர் மாத்திரையின் இடைவெளியைக் கூட்டலாம், அல்லது வேறு மருந்துக்கு மாற்றலாம். என்டகாவிரை வெறும் வயிற்றில், உணவுக்கு இரண்டு மணி நேரம் முன்போ பின்போ, உண்ண வேண்டும். எந்த மருந்தானாலும் தொடங்கும் முன் எச்.ஐ.வி. சோதனை கட்டாயம். அந்தத் தொற்றும் இருந்து, ஹெபடைடிஸ் பி மருந்து ஒன்றை மட்டும் கொடுத்தால் எச்.ஐ.வி. கிருமி மருந்துக்கு அடங்காததாக மாறிவிடக்கூடும்.

சிறுநீரகத்தைப் பற்றிய கவலை இந்த மண்ணில் இரட்டிப்பாகிறது. இராமநாதபுரம் மாவட்டத்துக் கோயில் ஊரான உத்தரகோசமங்கையைச் சுற்றிய வறண்ட பூமியில் பிழைப்பு என்பது கரிமூட்டம், உப்பளம், கடல் தொழில், கூலி விவசாயம். எல்லாமே வெயிலில் வெந்து செய்யும் வேலை. நல்ல தண்ணீர் குடம் கணக்கில் வாங்கும் ஊர்களில் வேலையிடத்தில் போதிய நீர் குடிப்பதில்லை. மாலையில் உடம்பு வலிக்கிறது என்று மருந்துக் கடையில் சீட்டில்லாமல் வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வது வழக்கமாகிவிட்டது. ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவன ஆய்வாளர்கள் தமிழகத்தின் ஏழு உப்பளங்களில் 352 தொழிலாளர்களை ஆராய்ந்தபோது, நூற்றுக்கு ஏழு பேரிடம் சிறுநீரகச் செயல்பாடு குறைந்திருந்தது. வெயிலும் வலி மாத்திரையும் ஏற்கெனவே சோர வைத்த சிறுநீரகத்தின் மேல் டெனோஃபோவிரையும் ஏற்றிவிட்டு, சோதிக்காமல் விடுவது மருத்துவம் ஆகாது.

இதைவிடக் கொடியது, மாத்திரையைத் தானாக நிறுத்துவது. ஆறு மாதம் தின்றும் ‘நெகட்டிவ்’ வரவில்லை என்று சிலர் விட்டுவிடுகிறார்கள். பயணத்தில் மாத்திரை தீர்ந்துபோய் நிறுத்திவிடுகிறவர்களும் உண்டு. அடங்கிக் கிடந்த கிருமி அப்போது சீறி எழும். கல்லீரல் திடீரெனச் செயலிழந்து உயிரே போகலாம். இந்த மருந்துகளின் குறிப்பேட்டில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு கட்டம் கட்டி அச்சிடச் செய்திருக்கும் எச்சரிக்கை இதுதான்.

காமாலை என்றதும் நம் வீடுகளில் நினைவுக்கு வருவது கீழாநெல்லி. அந்த நம்பிக்கையை இகழ வேண்டியதில்லை. அறிவியலே அதை மதித்துச் சோதித்தது. இந்தக் கிருமியைக் கண்டறிந்து நோபல் பரிசு பெற்ற பாருக் புளும்பர்க்கும் சென்னை ஆய்வாளர் எஸ்.பி.தியாகராஜனும் சகாக்களும் 1988-இல் லான்செட் இதழில் எழுதினார்கள்: கீழாநெல்லி உண்ட 37 பேரில் 22 பேரிடம் கிருமியின் அடையாளம் மறைந்தது. உலகமே நிமிர்ந்து பார்த்தது. ஆனால் தாய்லாந்திலும் நியூசிலாந்திலும் நடந்த சோதனைகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. எனவே கீழாநெல்லியை நம்பி மாத்திரையைக் கைவிடுவது தகாது. என்ன கலந்தது என்று தெரியாத பொடியும் லேகியமும் அதைவிட ஆபத்து. அவற்றில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் கிருமி பெருகவே வழி செய்யும்.

குற்றம் நோயாளியுடையது மட்டுமல்ல. உத்தரகோசமங்கையிலிருந்து இராமநாதபுரம் சுமார் 18 கி.மீ. மருத்துவமனைக்குப் போய்வர ஒருநாள் கூலி போகிறது. மாத்திரை இலவசம்தான்; ஆனால் ஒரு சோதனையின் விலை ஒருநாள் சோறு என்றால் எத்தனை பேர் போவார்கள்?

வழி நம்மிடமே இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’, ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரையை வீட்டு வாசலில் கொண்டுவந்து தருகிறது. ஹெபடைடிஸ் பி மாத்திரையையும் அதில் சேர்க்க வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரத்தமும் சிறுநீரும் கிராமத்திலேயே எடுக்கப்பட வேண்டும். சோதனை முடிவு, மாத்திரை தீரும் தேதி, தவிர்க்க வேண்டிய வலி மருந்துகள் ஆகியவற்றைத் தமிழில் எழுதிய அட்டை ஒவ்வொருவர் கையிலும் இருக்க வேண்டும். நோயாளியின் பெயர் ஊருக்குத் தெரியாமல் காக்கப்பட வேண்டும். ‘அன்ஃபிட்’ என்று சொல்லும் மெடிக்கல் மையங்கள் அதோடு கைகழுவாமல் அரசு மருத்துவமனைக்குப் பரிந்துரைச் சீட்டு தருவதைச் சட்டம் கட்டாயமாக்க வேண்டும். 2022-இல் திறக்கப்பட்ட இராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி இந்தப் பணிக்கு மையமாகட்டும்.

மார்கழித் திருவாதிரையில் உத்தரகோசமங்கைக் கோயிலில் சந்தனம் களைந்த மரகத நடராசரைக் காண ஊர் கொள்ளாத கூட்டம் வருகிறது. அன்று பரிசோதனை முகாம் நடத்தலாம். ஆனால் கண்டறியப்பட்டவரை மறுநாள் மறந்துவிடும் முகாமால் பயனில்லை. அடுத்த திருவாதிரை வரை அவரைத் தொடர வேண்டும்.

கிருமி இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: ஒரே தட்டில் உண்பதால் இது பரவாது, ஒளிந்து வாழத் தேவையில்லை. பக்கவிளைவுக்குப் பயந்து மாத்திரையை விடாதீர்கள். மருத்துவர் சொல்லாமல் ஒரு நாளும் நிறுத்தாதீர்கள். கிரியாட்டினின் சோதனையைக் கேட்டு வாங்குங்கள். அது உங்கள் உரிமை.